நாலாவது விரால்

அது உள்ளேயே செத்துக் கரைந்திருக்க வேண்டும் என்று சீனியம்மாள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். போன வாரம் திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்தில் மேஜிக் காட்டியபோது, அவள் புருஷன் நல்லகாமன் மூன்று விரால் குஞ்சுகளைத் தண்ணீரோடு விழுங்கினான். உயிரோடு கக்கியது இரண்டைத்தான். அன்றிலிருந்து அவன் பக்கம் திரும்பிப் படுக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இன்று திருப்பரங்குன்றத்தில் வேறு மூன்று குஞ்சுகளை விழுங்கினான். அவள் கண்ணாடிக் கிண்ணத்தை அவன் வாயருகே பிடித்தாள். கோழையும் புளித்த வாடையுமாக மூன்றும் வந்து விழுந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் மறுபடியும் குமட்டினான். நாலாவதாக ஒன்று வந்தது. சாண் நீளம் இருந்தது. அதன் செதிலில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

திரைக்குப் பின்னால் வந்ததும் நல்லகாமன் சிரித்தான்.

"எம்புட்டு வளந்திருக்கு பாத்தியா! என் தொண்டை புண்ணாப் போச்சு. நாளைக்குச் செல்லூர்ல இதை நீ முழுங்கு புள்ள. ஒனக்குத்தான் வாய் பெருசாச்சே."

சீனியம்மாள் கிண்ணத்துக்குள் பார்த்தாள். இப்போது அதில் ஒரு மீன்தான் இருந்தது. அதன் வயிறு உப்பியிருந்தது.

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, கைகளை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

"நான் மாட்டேங்க" என்றாள்.