டிக்கிப் பெட்டி

என் வீட்டுக்காரர் அலமாரிக் கதவைக் கழற்றி அறுத்துக்கொண்டிருந்தார். காரில் பாட்டு அதிர, சப்வூஃபர் ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்கிறாராம். கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாதாம்.

“என் துணிமணியெல்லாம் இனி திறந்தே கிடக்கணுமா?”

“பலகையை ஆடாம பிடி.”

பிடித்தேன். பசை தடவி, திருகு முடுக்கி, இண்டு இடுக்கெல்லாம் அடைத்தோம். ஸ்பீக்கரை மாட்டி டிக்கியில் ஏற்றினார். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பாட்டைப் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றினார்.

“இப்ப?”

“பத்தாதுங்க. இன்னும் கனமா வரணும்.”

பிரித்தார், ஒட்டினார், மறுபடி பிரித்தார். எனக்குக் கை விட்டுப்போனது. ஒருவழியாக, “இப்ப சரி” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரை விலைக்குக் கேட்டு ஒருவர் மனைவியோடு வந்தார். இவர் பாட்டை அதிரவிட, வந்தவர் ஓட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாட்டு அருமைங்க. என் காரை எடுத்துக்கிட்டு இதைக் குடுத்துடறீங்களா?”

அவர் காரிலும் பாட்டு பிரமாதமாக அதிர்ந்தது. ஓட்டிப் பார்த்த இவருக்கு வாயெல்லாம் பல். சாவிகள் கைமாறின. அந்த அம்மா மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் புதுக் காரில் கடைத்தெருவுக்குப் போனோம். தலைவலி தாங்காமல் பாட்டை நிறுத்தினேன்.

எஞ்சினிலிருந்து கடகடவென்று சத்தம். எங்கள் காரில் எந்தச் சத்தத்தை மறைக்க அலமாரியை அறுத்தோமோ, அதே சத்தம்.

காரை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய் டிக்கியைத் திறந்தேன். பெட்டியின் பலகையில் கட்டில் தலைமாட்டுப் பூவேலை அப்படியே இருந்தது.

பாவம், அந்த அம்மா தரையில்தான் படுக்கிறாள்.