உணர்கொம்பு

மேசை விளக்கின் வெள்ளை வட்டத்துக்குள், எள்ளைவிடச் சற்றே பெரிய வண்டு ஒன்று சிறு அட்டைத் துண்டின் நுனியில் ஒட்டியிருக்கிறது. எறும்புப் புற்றுக்குள்ளேயே பிறந்து அங்கேயே சாகிற அபூர்வக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த அருங்காட்சியகத்தில் இருப்பது இது ஒன்றுதான். ஆய்வாளன் இன்றுதான் இதை முதன்முறையாக நுண்ணோக்கியில் பார்க்கிறான். அவனுக்குப் பின்னால் நிற்கிறாள், வண்டுப் பெட்டிகளைப் பராமரிப்பவள். மதியம் தூசு தட்டும்போது அதன் மிச்சமிருந்த ஒற்றை உணர்கொம்பு முறிந்து எங்கோ பறந்துவிட்டது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல், பக்கத்துப் பெட்டியின் சாதாரண வண்டிலிருந்து ஒன்றைப் பிய்த்து ஒட்டிவைத்தாள். “அக்கா, கொம்பைப் பாருங்களேன்! இந்தக் குடும்பத்துலயே இப்படி ஒண்ணு கிடையாது. புது இனம்க்கா!” அவன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். மின்விசிறி கிறீச்சிடுகிறது. “அது வந்து... தம்பி...” என்று வாயெடுக்கிறாள். “நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. இத்தனை வருஷமா பொத்திப் பொத்தி வெச்சதே நீங்கதானே? இதுக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன்.” அவள் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்கிறாள். உள்ளே கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. காய்ந்த பசை உரிந்து வரமாட்டேன் என்கிறது.