வடிகட்டி சொல்லாத தண்ணீர்

மழையில் நின்ற ஒரு டிராக்டரின் டீசல் டேங்கில் தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் உழவு தொடங்கியதும், வடிகட்டி அந்தத் தண்ணீரைத் தன் அடிக் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு, டீசலை மட்டும் இன்ஜினுக்கு அனுப்பியது. கிண்ணம் விளிம்புவரை நிறைந்தது.

"இன்ஜின்கிட்ட சொல்லிடு தம்பி. தண்ணி உள்ளே போனா அவன் பிழைக்க மாட்டான்" என்றது டேங்க்.

"எப்படிண்ணே சொல்றது? எவ்வளவு சந்தோஷமா உழுறான் பாருங்க. இந்த உழவுச் சால் முடியட்டும்" என்றது வடிகட்டி.

அந்தச் சால் முடிந்தது. அடுத்த சாலில் இன்ஜின் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

வடிகட்டி அழுதேவிட்டது. "கிண்ணம் எப்பவோ நிறைஞ்சிடுச்சு. நீ பயப்படுவேன்னு சொல்லல."

"எனக்கு முந்தின சால்லயே தொண்டையில தண்ணி பட்டுச்சு" என்றது இன்ஜின். "உனக்கு மனசு கஷ்டமாயிடும்னு முழுங்கிட்டேன்."

"நல்லா இருக்குடா உங்க பாசம்!" என்றது டேங்க்.

ஓட்டுநர் இறங்கி வந்து, டேங்கிலும் கிண்ணத்திலும் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்தார். குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது.

"இப்ப கிண்ணத்துல எவ்வளவு தண்ணி இருக்கு?" என்று அது கேட்டது.

"ஒரு சொட்டு" என்றது வடிகட்டி, வெட்கத்தோடு.

"அடேயப்பா, அதையும் சொல்லிட்டியே!" என்று சிரித்தபடி இன்ஜின் அடுத்த சாலுக்குத் திரும்பியது.