வாளித் தண்ணீர்

மகள் மாலத்தீவில் கடலோர ரிசார்ட் ஒன்றில் அறை போட்டுக் கொடுத்ததிலிருந்து ஏகாம்பரத்துக்கு நிம்மதியில்லை. மனைவி தமயந்திக்கு வலிப்பு வந்து வெகுநாளாகிவிட்டது. பக்கத்தில் ஆள் இருந்தால் தண்ணீரில் இறங்கலாமென்று டாக்டரே சொல்லிவிட்டார். ஒருமுறையாவது கடலில் கழுத்தளவு நிற்க வேண்டுமென்பது அவளுடைய ஆசை.

"தண்ணிக்குள்ள வந்துட்டா? எனக்கு நீச்சலும் தெரியாதே, நான் என்னம்மா பண்ணுவேன்?" என்பதையே அவர் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போகவே வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றுதான் அன்று காலை தமயந்தி அவரைத் தேடினாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. ஏகாம்பரம் முட்டி போட்டு, நிரம்பிய வாளிக்குள் காதுவரை முகத்தை அமிழ்த்தியிருந்தார். பதறிப்போய்த் தோளைத் தொட்டதும் தண்ணீர் சிதற நிமிர்ந்தார்.

"என்னங்க இது?"

"மூக்குல ஏறுது," என்றார் மூச்சிரைக்க. "ஆனா கண்ணத் தொறக்க முடியுது. உள்ள நீ இருந்தா எனக்குத் தெரியும்."

சொல்ல வந்ததை அவள் சொல்லவில்லை. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, எதிரே மண்டியிட்டாள்.

"கையப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லி, மெல்லத் தண்ணீருக்குள் முகத்தை விட்டாள்.