எத்தனை கிலோ?

"மெத்து மெத்துன்னு இருக்கது வேணாம் நானா. நல்லா பலகையாட்டம் ஒண்ணு காட்டுங்க. மாமிக்குத்தான்."

நிஷாந்தி இப்படிச் சொன்னதும், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் டவுனில் அந்த மெத்தைக் கடைக்குள் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் நாகலெட்சுமிக்கு முகம் சுண்டிவிட்டது.

"கேட்டீங்களா நானா? மாமியாருக்குப் பலகையாம்!" என்று, ஊரே அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் கடைக்காரர் ஹலீமிடம் பொருமினாள். "வீட்டுல பழைய கம்பிக் கட்டில் தொட்டிலாத் தொங்குது. ஆறு மாசமா இடுப்ப நிமித்த முடியல. மெத்தை வாங்கித் தாரேன்னு கூட்டிக்கிட்டு வந்து, இப்படிச் சொல்றா!"

ஹலீம் இருபது வருஷமாக மெத்தை விற்கிறவர். மாமியார் மருமகள் நடுவில் தலையைக் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா?

"அது கெடக்கட்டும் அம்மா. எத்தனை கிலோ?"

நாகலெட்சுமி விறைப்பாக நின்றாள். இந்தக் கேள்விக்கு மட்டும் அவள் தயங்கியதே இல்லை.

"பதினெட்டு!"

"பதினெட்டா?"

"பின்னே? பதினெட்டு கிலோ கொழுந்து பறிச்சாத்தான் முழுப்பேரு. கொறஞ்சா அரைப்பேரு, அரைநாள் கூலி. அரைப்பேரு ரெண்டு மாசம் விழுந்தா, வீட்டுலயே இருங்கன்னு அனுப்பிருவாங்க. எனக்கு ஒரு நாளும் விழுந்ததில்ல, இந்த இடுப்ப வச்சிக்கிட்டும்! இவளப் பாருங்க, இருபத்தஞ்சு வயசு. இவளுக்கும் அதே பதினெட்டுத்தான். கை அசஞ்சாத்தானே!"

நிஷாந்தி ஒரு தலையணையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டது கொழுந்த இல்லம்மா, உங்க ஒடம்பு எடைய," என்றார் ஹலீம் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அதுக்கேத்த மெத்தை போட்டாத்தான் குழி விழாது."

அவர் அடக்கினாலும் கடை அடக்கவில்லை. "அறுபது இருக்கும்" என்றாள் நாகலெட்சுமி, சன்னமாக.

"சரி, மொதல்ல உங்க ஆசைக்கு இந்த மெதுவானதுல படுங்க."

படுத்தாள். சொர்க்கம்தான். "இதேதான், இதையே குடுங்க!" என்றாள். எழும்பப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. இடுப்பு உள்ளே போய்ப் புதைந்துகொண்டது. நிஷாந்தி இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அடுத்து ஒரு மரக் கட்டிலைக் காட்டினார் ஹலீம். நெருக்க நெருக்கமாகச் சட்டம் அடித்து, மேலே இறுக்கமான மெத்தை.

"மெத்தை மட்டும் போதுமே," என்றாள் நாகலெட்சுமி.

"உங்க கம்பிக் கட்டில்ல போட்டா புது மெத்தையும் தொட்டிலாத்தான் போகும். அடி சரியா இருக்கணும் அம்மா."

வேண்டாவெறுப்பாகப் படுத்து மருமகளை முறைத்தாள். கொஞ்ச நேரத்தில் முறைப்பு தளர்ந்தது. கண்ணை மூடினாள். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று ஹலீம் எட்டிப் பார்த்தார்.

"அப்பாடா!"

ஒருக்களித்துத் திரும்பி, யார் கையையும் பிடிக்காமல் தானே எழும்பி உட்கார்ந்தாள். ஆறு மாதத்தில் இதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதையே கட்டுங்க நானா. கட்டிலோட."

நிஷாந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஹலீம் பில் எழுதிக்கொண்டே சீண்டினார். "இனி எத்தனை கிலோ பறிப்பீங்க? இருபத்தஞ்சா?"

"பதினாலு."

"என்னம்மா, மெத்தை வாங்குனா கொறையுதா?"

"ஆறு மாசமாவே பதினாலுதான் நானா. இவ பறிக்கிறது இருபத்திரண்டு. பக்கத்து நெரையில நின்னுக்கிட்டு, தெனம் நாலு கிலோவ நைசா என் கூடையில போட்டுருவா."

தலையணை நிஷாந்தியின் கையிலிருந்து நழுவியது. "மாமி... ஒங்களுக்குத் தெரியுமா?"

"கூடை முதுகுலதானே தொங்குது புள்ள? கண்ணுக்குத் தெரியாட்டியும் முதுகுக்குத் தெரியாதா? ஒத்துக்கிட்டா என் பேரு கெட்டுப்போயிருமேன்னுதான் ஊரெல்லாம் ஒன்னத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."