தேர் நின்ற வீடு

சொந்த வீட்டு மாடியில் இருக்கும் கக்கூசுக்குப் போவதற்காக மாரிராஜ் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

வரிசை தெருவில் தொடங்கி, அவர் வீட்டு வாசலுக்குள் நுழைந்து, ஹாலைக் கடந்து, மாடிப்படி ஏறி, படுக்கையறை ஜன்னலில் முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், தேரில் சாமி நின்றிருந்தார்.

தென்காசி ரத வீதியில் வீடு கட்டுகிறவர்கள் தேரை நினைத்துக்கொண்டுதான் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். தேருக்கு இடிக்கும் என்றால் பால்கனியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மாரிராஜின் வீடும் அவருடைய பாட்டன் காலத்திலிருந்து அப்படி அடக்க ஒடுக்கமாகத்தான் நின்றது.

போன வாரம் அவர்தான் மாடி ஜன்னலுக்கு மேலே தகரம் இறக்கினார். சாரல் அடித்து ஊறிப்போன சுவர், வீட்டை வாங்க வருகிறவர் கண்ணில் படக் கூடாதே என்று. தேரோட்டம் வருவதைச் சுத்தமாக மறந்துவிட்டார். பிறந்து வளர்ந்தது அதே வீட்டில். விற்கிற அவசரம் அப்படி.

காலையில் தேர் முக்குத் திரும்பியது. தகரம் தேரின் சட்டத்துக்குள் போய் வசமாக மாட்டிக்கொண்டது.

வெல்டர் வந்து வெட்டினால்தான் உண்டு. வெல்டரோ, தேர் நிலைக்கு வந்து சேரும்வரை வடத்தை விடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக வடத்தைப் பிடித்தபடி நின்றான். அவன் விடாமல் தேர் நகராது. தேர் நகராமல் அவன் விட மாட்டான். மாரிராஜ் போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அதற்குள் வீடு கை மாறிவிட்டது.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, மாடியிலிருந்து ஒரு தடவை கும்பிட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாள். மாரிராஜின் மனைவி அனுசியா சரி என்றிருக்கிறாள். அவ்வளவுதான். ஊர் உள்ளே வந்துவிட்டது. பிரிட்ஜ் மேல் தேங்காய் மூடிகள். சோபாவில் யாரோ ஒரு பெரியவர் குறட்டை விட்டார். எதிர்க்கடை யாக்கூப் ஹாலிலேயே கேனை வைத்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் மாரிராஜ், இது தன்னுடைய வீடு என்றார்.

"காலையில இருந்து இதயே மூணு பேரு சொல்லிட்டாவ. லைன்ல வாங்க ஸார்."

மாரிராஜுக்கு அழுகை வராத குறை. பாவூர்சத்திரம் வெங்காய மண்டி பாண்டித்துரை இன்றைக்குத்தான் வீடு பார்க்க வருவதாகப் போனில் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் பைபாஸ் பக்கம் புது வீடு. வாசலிலேயே கார் நிறுத்தலாம். வாங்கிய கார் இந்த ரத வீதியில் நிறுத்த இடமில்லாமல் சொந்தக்காரர் ரைஸ்மில்லில் கிடக்கிறது. 'சத்தம் கிடையாது, சந்தடி கிடையாது, கோயிலுக்குப் பின்னால் ஒரு அமைதியான வீடு' என்று, முகம்கூடப் பார்த்திராத பாண்டித்துரையிடம் அவர் போனிலேயே அளந்துவிட்டிருந்தார்.

வீட்டை விற்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அனுசியா அவரோடு பேசுவதில்லை. இப்போது மாடிப்படி அடியில் நின்று வருகிறவர்களை எல்லாம் கல்யாண வீட்டுக்காரி மாதிரி வரவேற்றுக்கொண்டிருந்தாள். மாரிராஜின் முறை வந்தது.

"பையப் போங்க. படி வழுக்கும்," என்றாள்.

எல்லோரிடமும் சொன்னதைத்தான் அவரிடமும் சொன்னாள். இருந்தாலும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பையப் படியேறினார்.

மாடியில் அவருக்கு முன்னால் நின்ற கட்டைகுட்டையான மனிதர், சாமியைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதார். அவர் நகர்ந்ததும் மாரிராஜ் ஜன்னலுக்கு வந்தார்.

இத்தனை வருஷமும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த முகம். இன்றைக்கு நேருக்கு நேர் இருந்தது. சாமி அவருடைய கட்டிலைப் பார்த்தார். கொடியில் காயும் லுங்கியைப் பார்த்தார். ஊறிப்போன சுவரையும் பார்த்தார். மாரிராஜுக்கு வந்த காரியமே மறந்துவிட்டது. வாசல் வரைக்கும் வந்துவிட்ட விருந்தாளியை உள்ளே கூப்பிடாமல் நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. 'வாங்க' என்று சொல்ல வாயெடுத்தார்.

தேரிலிருந்த பட்டர் கையை நீட்டி அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். பின்படி வழியாகச் சந்துக்குள் வந்து விழுந்தார் மாரிராஜ்.

போன் அடித்தது. பாண்டித்துரை.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டத் தேடித் தேடிக் காலு ஓஞ்சு போச்சு. அது கெடக்கட்டும். இங்கன தேரு இடிச்சு நிக்குல்லா ஒரு வீடு, இப்பதான் உள்ள போயிட்டு வாரேன். அந்த வீட்டுக்காரரு குடுப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்களேன். அவரு சொல்லுததுதான் வெல."

பேச்சு போனிலும் கேட்டது, சந்துக்குள்ளும் கேட்டது. மாரிராஜ் நிமிர்ந்து பார்த்தார். மாடியில் அழுத அந்தக் கட்டைகுட்டையான மனிதர், நாலடி முன்னால் முதுகைக் காட்டி நின்று, போனைக் காதில் வைத்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எட்டி அந்தத் தோளைத் தொட்டால் போதும். காரியம் முடிந்தது.

மாரிராஜ் சுவரோரமாக ஒதுங்கி, போனை வாயோடு பொத்திக்கொண்டார்.

"அவன் தர மாட்டான் அண்ணாச்சி," என்றார் மெதுவாக. "எனக்கு நல்லாத் தெரியும். வீம்பு பிடிச்ச பய."