சைகோன் பாட்டில்

கிட்ட வந்து ஒக்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்ல இது. மொய்னுதீன் பாய் காதுல விழுந்தா இன்னைக்கும் வெக்கப்படுவாரு.

நெல்லித்தோப்புல அவரு மளிகைக் கடை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஃபுட் ஆபீசர் ஹேமலதா அம்மா திடுதிப்புன்னு வந்து நின்னாங்க. வெளிநாட்டு மீன் சரக்கையெல்லாம் ஊரு முழுக்க சோதனை போட்டுட்டிருந்த நேரம்.

"மேல்தட்டுல அது என்ன பாட்டிலு?"

"நுக்மாம், மேடம். நெத்திலிய உப்புல ஊறப்போட்டு எடுக்கிற தெளிவு. சைகோன்ல எல்லாக் கறிக்கும் இதத்தான் ஊத்துவாங்க."

"இறக்குமதி பண்ணவங்க ஸ்டிக்கர் எங்க?" லேபிள்ல படகுப் படம், புரியாத எழுத்து. பாட்டிலைத் திருப்பினாங்க. "தேதி முடிஞ்சே மூணு வருசம் ஆவுது! இத யாருக்கு விக்கிறீங்க?"

பாய் கண்ணு ஸ்டூல் பக்கம் போச்சு.

"எனக்குத்தாம்மா," ஸ்டூல்ல ஒக்காந்திருந்த கோவிந்தராசு சொன்னாரு.

அவரு அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. அம்மா சைகோன்காரி. ஒம்பது வயசுல கப்பலேறி இங்க வந்தாரு. பிரெஞ்சுல ஐயாங்கிறதுக்கு முசேம்பாங்க; எங்களுக்கெல்லாம் அவரு முசேதான். அந்தப் பாட்டில் கைக்கு வந்ததும் மூடியத் தொறந்து மோந்து பாப்பாரு. கண்ண மூடிக்குவாரு. "எங்கம்மா அடுப்பாண்ட நிக்கிற மாதிரியே இருக்கு பாய்"ம்பாரு. காலி பாட்டிலை மட்டும் மறக்காம திருப்பிக் குடுத்துடணும்னு பாய் கண்டிசன்.

ஆபீசரம்மாவுக்குக் கோவம் பொத்துக்கிச்சு. "எம்பது வயசுப் பெரியவருக்குக் காலாவதியான சரக்கா? இவருக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

பால் வாங்க வந்த வசந்தாவும் சேந்துக்கிச்சு. "அய்யய்யோ, புள்ளைங்களுக்கு இங்கதான பிஸ்கட் வாங்குறோம்!"

திரைக்குப் பின்னாலேர்ந்து பாயோட வூட்டம்மா ரமீஜா கொரல். "உள்ளதச் சொல்லிடுங்களேன்."

"நீ சும்மா இரு." பாய் முசேவ ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "தப்பு என்னுதுதான் மேடம். கடைக்கு சீல் வெச்சிடுங்க."

நாப்பது வருசக் கடை. ஆபீசரம்மா பேனாவை எடுத்தாங்க.

முசே தடிய ஊனி எழுந்தாரு. "இரும்மா. பாட்டில்தான் பழசு. உள்ள இருக்கிறது போன மாசத்துது."

"என்னது?"

"மாடிக்குப் போயி பாரு. ஜாடி இருக்கும். வைத்திக்குப்பத்து நெத்திலி, ரமீஜா ஊறப்போட்டது."

பாய் முகம் வெளுத்துப் போச்சு. "முசே... உங்களுக்கு எப்படி..."

"சைகோன்லேர்ந்து அனுப்பிட்டிருந்த உங்க மச்சான் மவுத்தாயி, அடக்கம் பண்ணியே மூணு வருசமாச்சு. அதுக்கப்புறமும் சரக்கு வந்துட்டே இருந்தா எப்படி? அதுவும் நுக்மாம் ஊறுற வாசனை ரெண்டு தெரு தாண்டி வரும். எனக்கா தெரியாது?"

ஆபீசரம்மா மாடியேறிப் பாத்துட்டு எறங்கி வந்தாங்க. "ஜாடியெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா வூட்ல செஞ்சத விக்கிறதுக்கும் பதிவு வேணும்."

"எங்க விக்கிறாங்க?" முசே குறுக்க பூந்தாரு. "பாட்டில் என்னுது, ஊத்திக் குடுக்கிறாங்க. பக்கத்து வூட்ல கொழம்பு வாங்கினா அதுக்கும் பதிவா?"

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டாங்க. "இந்த லேபிளோட இன்னொரு தடவ இங்க பாத்தேன், சீல்தான்." சொல்லிட்டு ஜீப்ல ஏறிட்டாங்க.

பாய் பாட்டிலைக் கையில வெச்சிக்கிட்டு நின்னாரு. லேபிளக் கிழிக்க அவருக்குக் கை வரல.

முசே அத வாங்கினாரு. தண்ணியத் தொட்டுத் தடவி, படகு கிழியாம மெல்ல உரிச்சாரு. சட்டைப் பையில வெச்சிக்கிட்டாரு. அப்புறம் திரைப் பக்கம் திரும்பி ஒரு கொரல் குடுத்தாரு:

"ரமீஜா, அடுத்த ஜாடிக்கு உப்பு ஒரு கை கொறைச்சுப் போடும்மா. மூணு வருசமா சொல்ல முடியாமத் தவிச்சிட்டிருக்கேன்!"